அர்ச். சிலுவையின் தெரேசா பெனெதிக்தம்மாள்



நம் காவிரிக்கரையில் ஆடிப்பெருக்கு முடிந்த சில நாட்களில், ஆகஸ்டு 9-ந் தேதி, யூதகுலத்தில் பிறந்த ஒரு கன்னியாஸ்திரியின் திருநாள் வருகிறது. அவளுடைய சரித்திரத்தை நீங்களும் உங்கள் பிள்ளைகளும் அறிவது நலம்.

எடித் ஸ்டெயின் என்பது அவளுடைய இயற்பெயர். 1891-ம் ஆண்டு, அக்காலத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த பிரஸ்லோ நகரில், பதினோரு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தாள். தகப்பனார் சீக்கிரமே காலமானார். தாயார் மரவியாபாரம் நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். எடித் இளவயதில் செபத்தை விட்டாள்; தத்துவ சாஸ்திரம் கற்று 1916-ல் டாக்டர் பட்டம் பெற்றாள். 1921-ல் அவிலா அர்ச். தெரேசம்மாளின் சரித்திரத்தை வாசித்து மனந்திரும்பி, 1922 ஜனவரி 1-ந் தேதி ஞானஸ்நானம் பெற்றாள். பக்தியுள்ள யூதப் பெண்ணான தாயாருக்கு இது தீராத துயரமாயிற்று. மகளோ ஊருக்குப் போகும்போதெல்லாம் தாயாருடன் யூதரின் செபக்கூடத்துக்கும் சென்றுவந்தாள்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவளுடைய உத்தியோகம் போயிற்று. யூதர் படும் கொடுமையைக் குறித்துத் திருச்சபை பேசவேண்டுமென்று 11-ம் பத்திநாதர் பாப்பரசருக்குக் கடிதம் எழுதினாள். அவ்வாண்டே கொலோன் கார்மேல் மடத்தில் சேர்ந்தாள். 1938 முடிவில் ஹாலந்து தேசத்து எக்ட் மடத்துக்கு அனுப்பப்பட்டாள்.

1942 ஜூலை 26-ந் தேதி, யூதரை நாடுகடத்துவதைக் கண்டித்து மேற்றிராணிமார் எழுதிய நிருபம் அந்நாட்டுக் கோவில்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்க நாஜிகள் கத்தோலிக்க யூதரைப் பிடித்தார்கள். ஆகஸ்டு 2-ந் தேதி அவளும் தமக்கை ரோசாளும் கைதாகி, வெஸ்டர்போர்க் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே துயரத்தால் செயலற்றுக் கிடந்த தாய்மாரின் பிள்ளைகளைக் கழுவி, தலைவாரி, உணவு ஊட்டினாள். 7-ந் தேதி ரயிலேற்றப்பட்டு, 9-ந் தேதி ஆஷ்விட்ஸில் தமக்கையோடு கொல்லப்பட்டாள். 1998-ல் அர்ச்சிஷ்டவளானாள்.

வெஸ்டர்போர்க்கில் இன்று தண்டவாளங்கள் முறுக்கப்பட்டு வானை நோக்கி நிற்கின்றன. அங்கிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களுக்காக, ஆளுக்கு ஒன்றாக 1,02,000 கற்களை 1992-ல் நாட்டினார்கள்.

அவர்கள் செய்த குற்றம் என்ன? பிறப்பு ஒன்றே. அன்பர்களே, பிறப்பைக் கேட்டு மனிதரைத் தள்ளிவைப்பது நமக்கு அந்நியமான பாவமா? ஒரே பந்தியில் நற்கருணை வாங்கியவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் எழுப்பிய சரித்திரம் நம் தமிழ்நாட்டுத் திருச்சபைக்கும் உண்டு. இத்திருநாளில் குடும்பமாகச் செபமாலை சொல்லி, மாண்ட அத்தனை ஆத்துமாக்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பின்பு, நம் தெருவில் யார் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க இன்னும் தயங்குகிறோமென்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.