குணங்குடி மஸ்தான் சாகிபு

ஆடை பின்னுந் தொழிலாற் பெயர்பெற்ற திருப்பூர்ப் பகுதியில் வாழும் நாம், ஆடையாற் பெயர்பெற்ற துறவியர் கூட்டமொன்றை அறிந்திருத்தல் தகும். அரபு மொழியில் சூஃப் என்பது கம்பளியைக் குறிக்கும். முரட்டுக் கம்பளி உடுத்தமையால் அவர்கள் சூஃபிகள் எனப்பட்டனர் என்பது அறிஞர் பலர் கொள்கை. அக்கூட்டத்தில் தமிழகம் ஈன்ற தவச்செல்வரே குணங்குடி மஸ்தான் சாகிபு.

இவர் 1792ஆம் ஆண்டளவில், தொண்டிக்கு அணித்தாய குணங்குடியிற் பிறந்தார். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் தைக்கா சாகிபிடம் சமயக் கல்வி பயின்றார். இளமையிலேயே இல்வாழ்வை வெறுத்துத் திருச்சிராப்பள்ளியில் மௌலவி ஷாம் சாகிபை அடுத்துக் காதிரிய்யா நெறியிலே தீட்சை பெற்றார். காடும் மலையும் திரிந்து தவமியற்றி, ஈற்றிற் சென்னை இராயபுரத்தில் தங்கினார். இறையின்பத்தில் தம்மை மறந்து நின்றமையால் மஸ்தான் எனவும், ஊர்ப்பெயரால் தொண்டியார் எனவும் மக்கள் இவரை அழைத்தனர். தண்டையார்ப்பேட்டை என்னும் பெயர் அதனாற் போந்தது என்பாரும் உளர்.

அக்காலத்து ஆங்கிலேயர் இத்தகையோரை எங்ஙனம் கண்டனர்? 1806இல் வேலூரிற் சிப்பாய்கள் கிளர்ந்தபொழுது, ஊர்சுற்றும் பக்கீர்கள் கலகத்தைத் தூண்டினர் என்னும் ஐயம் கம்பெனி அதிகாரிகளிடையே எழுந்தது. சென்னை இராணுவ மருத்துவராகிய ஹெர்க்லாட்ஸ், ஜாபர் ஷரீப் என்னும் முஸ்லிம் எழுதிய கானூனே இஸ்லாமை மொழிபெயர்த்து 1832இல் வெளியிட்டார். பக்கீர் வகுப்புக்களை விரிவாகக் கூறுவது அந்நூல். எனினும் அதனைப் பயின்றோர் நெஞ்சில், உடலிலே ஊசி குத்திக்கொள்ளும் ரிபாயிகளின் காட்சியே மிகுதியும் நின்றிருக்கும். மற்றொருபால், சர் ஜான் மால்கம் முதலாயினார் பாரசீகச் சூஃபிக் கவிஞர்களை வியந்தனர். ஆனால் அவர்தம் ஞானம் இஸ்லாத்துக்குப் புறம்பானது என எண்ணினர். இங்ஙனம் ஏட்டிலுள்ள சூஃபி புகழப்பட்டார். தெருவிலுள்ள பக்கீர் இகழப்பட்டார். பின்னாளில் அல்ஜீரியாவில் பிரெஞ்சு அதிகாரியாகிய லூயி ரின் என்பாரும், 1884இல் அந்நாட்டுச் சூஃபிக் கூட்டங்களை அரசியல் அச்சத்தோடே ஆராய்ந்து நூலியற்றினார்.

மஸ்தான் சாகிபின் வாழ்வு இப்பிரிவினையைப் பொய்யாக்குகின்றது. அவர் பக்கீராகவும் இருந்தார், கவிஞராகவும் இருந்தார். முகியித்தீன் சதகம் பாடித் தம் நெறியின் முதல்வரைப் போற்றியவரே அகத்தீசர் சதகமும் பாடினார். பராபரக்கண்ணியிலே சித்தர் மரபின் எளிய தமிழை ஆண்டார். நபிகள் நாயகத்தின்மீது கொண்ட அன்பு இதனாற் சிறிதும் குன்றியதன்று.

அவரை உள்ளவாறு உணர்ந்தோர் அண்டையிலேயே இருந்தனர். திருக்குறளைப் பதிப்பித்த திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர், சமயத்தால் வேறுபட்டும், அவர்மீது நான்மணிமாலை பாடினார். கம்பெனியார் ஐயுற்ற கோலத்தை அப்புலவர் கண்டு அஞ்சவில்லை. அவர் செவிக்குப் பாட்டு எட்டியிருந்தது.

1838இல் மஸ்தான் சாகிபு மறைந்தார், இராயபுரத்திலேயே அடக்கமாயினார். பிற சமயத்தாரைப் பற்றி ஆங்கில நூல்களின் வாயிலாகவே பெரிதும் கற்கும் நாம், அவர்தம் பாடல்களையும் உடன்வைத்துப் பயிலுதல் கடன். அயலார் எழுதியது முற்றும் பொய்யன்று. அது வாயிலில் நின்று கண்ட காட்சி. உள்ளே புகுதற்கு வேண்டும் தமிழ் நம்மிடத்தே உளதன்றோ?