கொடியை விடாத கார்னி: 37 ஆண்டு கழித்து வந்த பதக்கம்

அந்தக் காலப் போர்க்களத்தில் கொடி பிடிப்பவர்தான் எதிரிக்கு முதல் குறியாக இருந்தார். ஆனா, புகைமூட்டத்தில் வீரர்கள் வழி தெரிந்துகொண்டதே அந்தக் கொடியைப் பார்த்துத்தான். அது விழுந்தால் படை சிதறிடும்.

1863 ஜூலை 18. அடிமைமுறையை விடாத தென்மாநிலங்களோடு அமெரிக்க அரசு போரிட்ட காலம். தென் கரோலினாவின் வாக்னர் கோட்டையை 54ஆவது மாசசூசெட்ஸ் படை தாக்கியது. அதிகாரிகள் வெள்ளையர்கள், வீரர்கள் கறுப்பினத்தவர்.

கொடி பிடித்தவர் சுடப்பட்டார். அதைப் பாய்ந்து பிடித்தார் 23 வயது சார்ஜன்ட் வில்லியம் கார்னி. கோட்டை மதில்வரை கொண்டுபோனார். தாக்குதல் தோற்றது, படைத்தலைவர் ராபர்ட் ஷா மாண்டார். உடம்பெல்லாம் குண்டுக் காயத்தோடு கார்னி திரும்பினார். கொடி தரையில் படவே இல்லை.

யார் இவர்? வர்ஜீனியாவின் நோர்ஃபோக்கில் 1840இல் அடிமையாகப் பிறந்தவர். குடும்பம் பின்னர் வடக்கே நியூ பெட்ஃபர்டில் குடியேறியது. மதபோதகராகத்தான் நினைத்திருந்தார், போர் வந்தது, படையில் சேர்ந்துட்டார்.

அங்கே சம்பளம் எவ்வளவு தெரியுமா? வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பினத்தவருக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். அந்தக் காசே வேண்டாம்னு 54ஆவது படையினர் மறுத்துட்டாங்க. 1864இல்தான் சட்டம் மாறியது.

காயங்களால் படையிலிருந்து விலகிய கார்னி, நியூ பெட்ஃபர்டில் 30 ஆண்டுக்கும் மேல் தபால் கொடுத்தார். நாட்டின் மிக உயரிய வீரப் பதக்கம் கிடைத்தது 1900 மே 23இல். அப்போது வயது 60. வாக்னருக்குப் பின் நடந்த சண்டைகளுக்காக வேறு கறுப்பின வீரர்கள் அதை 1865லேயே வாங்கிவிட்டார்கள்!

1908 டிசம்பரில், பாஸ்டனில் அவர் வேலை பார்த்த மாநில அரசு மாளிகையில் மின்தூக்கி விபத்தில் சிக்கி இறந்தார்.