ஆகாயத்தில் நின்ற எஞ்சின்: பியற்றிஸ் ஷில்லிங்கின் வாழ்க்கை

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்குக் காபரேட்டர் என்றால் என்னவென்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் எங்கள் மெக்கானிக்மார் எஞ்சின்களை மண்ணெண்ணெய்க்குப் பழக்கினார்கள். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. அதனால் ஒளித்து வைத்திருந்த பெற்றோலில் சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இடையில் எஞ்சின் நின்றுவிட்டால் ஒரு நல்ல மெக்கானிக் முதலில் அறிய விரும்பியது ஒன்றைத்தான்: எரிபொருள் காணாமல் நின்றதா, கூடிப்போய் நின்றதா?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வண்டி இழுக்காது, திணறும், நிற்கும். ஆனால் வைத்தியம் நேரெதிரானது. 1940இல் இதே கேள்வியைப் பிரித்தானியப் போர் விமானங்களின் எஞ்சினிடம் கேட்டவர் ஒரு பெண். அவருக்கு அப்போது வயது 31. பெயர் பியற்றிஸ் ஷில்லிங்.

1909 மார்ச் 8ஆம் திகதி, தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரிலுள்ள வோட்டர்லூவில் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பன் இறைச்சிக் கடைக்காரர். பதினான்கு வயதில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, தானே பிரித்துத் தானே பூட்டப் பழகினார். பள்ளிக்கூடம் முடிந்ததும் மின்பொறியியலாளர் மார்கரட் பாட்ரிட்ஜிடம் வேலைக்குச் சேர்ந்தார். வீடுகளுக்கு வயர் இழுப்பது, ஜெனறேற்றர் பார்ப்பது எல்லாம் அங்கே பழகியவைதான். இந்தப் பிள்ளை வயர் இழுப்பதோடு நிற்கக்கூடாது என்று கண்டு, பல்கலைக்கழகத்துக்குப் போகத் தூண்டியவரும் அந்த மார்கரட்தான். முதலாம் உலகப் போர் முடிந்து ஆண்கள் திரும்பி வந்ததும் தொழிற்சாலைகளிலிருந்து பெண்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் 1919இல் உருவான பெண்கள் பொறியியல் சங்கத்தைச் சேர்ந்தவர் அவர். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்று சொன்னால் இலேசாக இருக்கும். உண்மையில் அந்தக் கதவைச் செய்ததே அவர்கள்தான்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1932இல் மின்பொறியியல் பட்டம், பிறகு இயந்திரப் பொறியியலில் முதுமாணி. அது பொருளாதார மந்தக் காலம், ஆண்களுக்கே வேலை இல்லை. சிலகாலம் ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு, 1936இல் ஃபான்பரோவிலிருந்த அரச விமான ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கே முதலில் கொடுத்த வேலை எஞ்சின் கைநூல்களை எழுதுவது. எழுதுவதற்கு அல்ல, எஞ்சினைத் திறப்பதற்கே அவர் வந்திருந்தார். கொஞ்சக் காலத்திலேயே எஞ்சின் பகுதிக்கு மாறி, காபரேட்டர் ஆய்வுக்குப் பொறுப்பாளரானார்.

ஓய்வு நாட்களில் புறூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் நோர்ட்டன் மோட்டார் சைக்கிள் ஓடினார். 1934இல் மணிக்கு 106 மைல் வேகத்தில் அந்தப் பாதையைச் சுற்றி வந்து, 100 மைலைத் தாண்டுபவர்களுக்குக் கொடுக்கும் தங்க நட்சத்திரத்தைப் பெற்றார். அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். பின்னர் அந்த நோர்ட்டனுக்கு சுப்பர்சார்ஜர் பூட்டியதும் அவரேதான். சுப்பர்சார்ஜர் பூட்டினால் எஞ்சினுக்குள் காற்று கூடும். காற்று கூடினால் எரிபொருளும் அதே அளவுக்குக் கூடவேண்டும். குறைந்தால் பிஸ்டன் உருகும், கூடினால் பிளக் கரிபிடிக்கும். காற்றுக்கும் எரிபொருளுக்கும் இடையிலான அந்தக் கணக்கை அவர் ஆய்வுகூடத்தில் மட்டும் படிக்கவில்லை, தன் எலும்பைப் பணயம் வைத்தும் படித்தார். 1938இல் ஜோர்ஜ் நெய்லரை மணந்தார். அவரும் புறூக்லண்ட்ஸ் தங்க நட்சத்திரம் வாங்கிய பிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதித்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, ஆளுக்குப் பொருந்துகிற கதைதான்.

இனி அந்த எஞ்சினுக்கு வருவோம். ஸ்பிற்ஃபயர், ஹரிக்கேன் இரண்டையும் ஓட்டியது றோல்ஸ் றோய்ஸ் மெர்லின் எஞ்சின். வலுவானது, ஆனால் ஒரு பலவீனம் இருந்தது. எதிரி விமானத்தைத் துரத்தும் விமானி சட்டென்று மூக்கைக் கீழே தள்ளினால் எஞ்சின் விக்கும். அப்படியே தொடர்ந்து தள்ளினால் கரும்புகை கக்கி நின்றேவிடும். ஜேர்மனியரின் மெஸ்ஸஸ்மிற் 109இல் எரிபொருள் நேரடியாக உருளைக்குள் பீச்சப்பட்டது. காபரேட்டரே இல்லை, ஆகவே இந்தத் தொல்லையும் இல்லை. துரத்தப்படும் ஜேர்மன் விமானி மூக்கைக் கீழே தள்ளினால் போதும், தப்பிவிடுவார். பிரித்தானிய விமானியோ முதலில் விமானத்தைப் புரட்டிவிட்டுத்தான் குத்தவேண்டும். அந்த இரண்டொரு விநாடிக்குள் எதிரி போய்விடுவான். அல்லது துரத்தியவனே துரத்தப்படுபவனாகிவிடுவான்.

காரணத்தை விளங்க ஒரு தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்ததும் மிதவை மேலே வந்து குழாயை அடைக்கிறது அல்லவா? காபரேட்டரின் மிதவைக் கிண்ணமும் அதுதான். விமானத்தின் மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளும்போது, நிறை தலைகீழாகிக் கிண்ணத்துப் பெற்றோல் மேற்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அடியிலுள்ள ஜெற்றுக்குப் பெற்றோல் கிடைக்காது. இது முதலாவது விக்கல், எரிபொருள் காணாததால் வருவது. அது சிறிது நேரத்தில் கடந்துவிடும். ஆனால் மேலே சேர்ந்த பெற்றோல் மிதவையைக் கீழே அமுக்குகிறது. மிதவை கீழே போனால் வால்வுக்கு விளங்குவது கிண்ணம் காலி என்பதுதான். அது முழுதாகத் திறந்துவிடுகிறது. பம் தன் முழு வேகத்தில் பெற்றோலைத் தள்ள, எஞ்சின் அதிலே மூழ்கி நின்றுபோகிறது.

ஒரே திணறலுக்குள் இரண்டு நோய்கள், ஒன்றுக்கொன்று எதிரானவை, ஒன்றன்பின் ஒன்றாக. ஷில்லிங்கின் கெட்டித்தனம் இவற்றைப் பிரித்துப் பார்த்ததில் இருக்கிறது என்பது என் எண்ணம். முதலாவது விக்கலைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆளைக் கொல்வது இரண்டாவது. அதற்கு மட்டும் மருந்து தேடினார். மருந்து, நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டு. பம்மிலிருந்து வரும் குழாயில் காபரேட்டருக்குச் சற்று முன்பாக அதைப் பூட்டவேண்டும். முழு வலுவில் ஓடும் எஞ்சின் உச்சமாக எவ்வளவு பெற்றோல் குடிக்குமோ அவ்வளவை மட்டும் விடும்படி துளையின் அளவு கணக்கிடப்பட்டது. வால்வு எவ்வளவு திறந்தாலும், பம் எவ்வளவு அழுத்தினாலும், அதற்கு மேல் ஒரு துளியும் போகாது. முதலில் ஒரு சிறு தொப்பிபோல் இருந்தது, பின்னர் வெறும் வொஷராகவே ஆனது. உள்ளழுத்தம் கூடிய எஞ்சின்களுக்கு வேறோர் அளவு.

பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைப்பவர்கள் இன்றும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பெரிய மின்பம் ஒன்றைப் பூட்டுவார்கள். அதன் அழுத்தத்தைக் காபரேட்டரின் சிறிய வால்வு தாங்காது, பெற்றோல் வழியும். கார் நிற்கும். பெற்றோல் போதவில்லை என்று நினைத்து ஜெற்றைப் பெரிதாக்குவார்கள். நோய் கூடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது கரியாக இருக்கும், வெளிறி இருக்காது. அழுத்தத்தை அளந்து பார்த்தால் மிச்சமும் தெரியும்.

1941 தொடக்கத்தில் ஷில்லிங் ஒரு சிறு குழுவோடு விமானத் தளம் தளமாகப் போனார். சேவையிலிருந்து விமானத்தை எடுக்காமலே பூட்டக்கூடியதாக இருந்தது அந்தத் துண்டின் பெரிய வசதி. மார்ச் மாதமளவில் போர் விமானப் பிரிவு முழுவதற்கும் பூட்டி முடிந்தது. விமானிகள் அதற்கு அவருடைய பெயரோடு சேர்த்து ஒரு ஆபாசப் பகிடிப் பெயர் வைத்தார்கள். அதையே பாராட்டு என்று இன்றும் எழுதுகிறார்கள். ஒரு ஆண் செய்திருந்தால் அந்தப் பகிடி வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிரித்தானிய வான்சமரை வென்று கொடுத்தது இந்த வொஷர்தான் என்று சில இடங்களில் வாசிக்கலாம். அந்தச் சமர் 1940 ஒக்ரோபரோடு ஓய்ந்துவிட்டது. வொஷர் வந்தது அதற்குப் பிறகு. தலைகீழாக நீண்ட நேரம் பறக்கவும் அது உதவாது. அழுத்தக் காபரேட்டர்கள் வரும்வரை தாக்குப்பிடிக்க உதவிய இடைக்கால வேலை அது. உயிர்கள் தப்பியதும் அந்த இடைக்காலத்தில்தான்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு தயக்கம் இருந்தது, மறைக்கவில்லை. பொம்மர் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடிய தலைமுறை எங்களுடையது. விமானத்தை நன்றாகப் பறக்கவைத்த ஒருவரை வியந்து எழுத எங்களுக்குக் கை இலகுவில் வராது. ஷில்லிங்கின் வொஷர் போனது நகரங்களைக் காக்க எழுந்த விமானங்களுக்குள். 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது எதிர்த்து எழுந்த ஹரிக்கேன்களை ஓட்டியதும் மெர்லின் எஞ்சின்தான். ஆனால் அதே மெர்லின்தான் ஜேர்மன் நகரங்கள்மேல் குண்டு கொட்டிய லங்காஸ்டர்களையும் ஓட்டியது. அவருடைய கணவரும் போரில் குண்டுவீச்சு விமானிதான். அந்த நகரங்களின் பங்கர்களுக்குள்ளும் பிள்ளைகள் இருந்தார்கள். இந்த இரண்டையும் ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். ஒன்றை அழித்து மற்றதைச் சொல்ல மனம் வரவில்லை.

போருக்குப் பின் அரசு விருது கொடுத்தது, ஆனால் உச்சப் பதவி கொடுக்கவில்லை. 1969இல் ஓய்வுபெறும்வரை ஃபான்பரோவிலேயே இருந்தார். புளூ ஸ்ட்றீக் ஏவுகணையிலும் வேலை செய்தார், மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானச் சில்லு வழுக்குவதையும் ஆராய்ந்தார். வீட்டில் கணவனும் மனைவியும் கார்களைப் பிரித்து மாற்றியமைத்து, கார் ஓட்டப் போட்டிகளுக்குப் போனார்கள். ஐம்பது வயதிலும் அவர் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் ஒன்றைப் போட்டியில் ஓட்டினார். 1967இல் அமெரிக்க ஓட்டவீரர் டான் கேர்னியின் ஈகிள் போர்முலா 1 கார் சூடேறித் தொல்லை கொடுத்தபோது அவரையும் அழைத்து யோசனை கேட்டார்கள்.

1990 நவம்பர் 18ஆம் திகதி, 81ஆவது வயதில் காலமானார். ஃபான்பரோவில் அவருடைய பெயரில் இப்போது ஒரு மதுச்சாலை இருக்கிறது.