மறுத்துப் பேசினால் அபராதம்: பெஞ்சமின் பிராங்க்ளின் நடத்திய வெள்ளிக்கிழமை மீட்டிங்

மீட்டிங்கில் நீங்க சொன்னதுதான் சரி. டேட்டாவும் கையில் இருந்தது. எதிரில் பேசியவர் வாயடைத்துப் போனார். ஆனால், அதற்கப்புறம் அந்த டீமில் யாரும் உங்களிடம் யோசனை கேட்டு வருவதில்லை. இது நடந்திருக்கிறதா?

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவில் ஓர் இளம் அச்சகத் தொழிலாளிக்கும் இதே சிக்கல் இருந்தது. அவர் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலை ஆராயப் பட்டம் விட்டவர், 100 டாலர் நோட்டில் இருப்பவர் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். ஆனால், மேடைப் பேச்சு சுத்தமாக வராத ஒருவர் கூட்டங்களில் எப்படிக் காரியம் சாதித்தார் என்ற கதை, இன்று ஆபீஸ் போகிற எல்லோருக்கும் உதவும்.

10 வயதோடு நின்ற படிப்பு

1706 ஜனவரி 17 அன்று பாஸ்டனில் பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். அவருடைய 17 பிள்ளைகளில் பெஞ்சமின் 15-வது. பள்ளிக்கூடம் போனது இரண்டு ஆண்டுகூட இல்லை. 10 வயதில் படிப்பு நின்றது. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார்.

நண்பர் ஒருவருடன் கடிதம் வழியாக நடத்திய விவாதத்தை அப்பா படித்துவிட்டு, மகனின் எழுத்தில் தெளிவும் அழகும் போதவில்லை என்று சுட்டிக்காட்டினார். பையன் கோபித்துக்கொள்ளவில்லை. லண்டனில் வெளியான ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் கட்டுரைகளை எடுத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதிக்கொண்டு, சில நாள் ஒதுக்கி வைப்பார். பிறகு மூலத்தைப் பார்க்காமல் தன் சொற்களில் திரும்ப எழுதி, ஒப்பிட்டு, தவறுகளைத் திருத்துவார். குறிப்புகளைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தியும் பழகினார். கோச்சிங் கிளாஸ் எதுவும் இல்லை. வேலை நேரம் போக மிச்சமிருந்த நேரத்தில் இவ்வளவும் நடந்தது.

1723-ல், 17 வயதில், அண்ணனோடு ஒத்துவராமல் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார்.

12 பேர், ஒரு விதி

1727-ல் தன்னைப் போன்ற உழைப்பாளி இளைஞர்களைச் சேர்த்து ‘ஜன்டோ’ என்ற குழுவைத் தொடங்கினார். கண்ணாடி பொருத்துபவர், செருப்பு தைப்பவர், நில அளவையாளர், தச்சர், பத்திரம் நகலெடுப்பவர் என்று பல தொழில்காரர்கள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடினார்கள்.

விவாதத்துக்கான கேள்விகளை ஒவ்வொருவரும் முறை வைத்துக் கொண்டுவர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொந்தமாகக் கட்டுரை எழுதி வாசிக்க வேண்டும். ஆக, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக முடியாது. இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. அடித்துச் சொல்வதும், அடுத்தவரை நேரடியாக மறுப்பதும் கொஞ்ச நாளில் தடை செய்யப்பட்டன. மீறினால் சிறு தொகை அபராதம்!

எல்லோரும் தாக்குப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. தாமஸ் காட்ஃப்ரே நல்ல கணித மூளைக்காரர். ஆனால், யார் எது பேசினாலும் நுணுக்கம் பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்ததால் உரையாடலே நகரவில்லை. சீக்கிரமே அவர் விலகிவிட்டார்.

குழுவில் சேர ஆசைப்பட்டவர்கள் பெருகியபோதும் 12 என்ற வரம்பை விடவில்லை. உறுப்பினர்கள் தனித்தனியாகக் கிளைக் குழு தொடங்கட்டும் என்றார் பிராங்க்ளின். ஜன்டோ சுமார் 40 ஆண்டுகள் நீடித்தது.

பெயரை மறைத்தால் வேலை நடக்கும்

1731-ல் சந்தா நூலகம் தொடங்க ஆள் திரட்டினார். இது என் திட்டம் என்று சொன்னபோது மக்கள் தயங்கினார்கள். இவன் பெரிய ஆளாகப் பார்க்கிறான் என்ற நினைப்பு. உடனே பாணியை மாற்றினார். சில நண்பர்களின் திட்டம் இது, கேட்டுப்பார்க்கச் சொன்னார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். வேலை சுலபமானது. தலைக்கு 40 ஷில்லிங் வீதம் 50 பேர் சேர்ந்தார்கள். அந்த நூலகம் இன்றும் பிலடெல்பியாவில் இயங்குகிறது. 1736-ல் தன்னார்வத் தீயணைப்புப் படையும் இப்படித்தான் ஜன்டோ விவாதத்திலிருந்து பிறந்தது.

நண்பர் சொன்ன கசப்பான உண்மை

தன்னைத் திருத்திக்கொள்ள 12 நற்குணங்களைப் பட்டியலிட்டு, நோட்டுப் புத்தகத்தில் தினமும் குறித்து வந்தார். அப்போது குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், உனக்குத் தலைக்கனம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். விவாதத்தில் ஜெயித்தால் போதாமல் எதிராளியை மட்டம் தட்டும் பழக்கத்துக்கு உதாரணங்களையும் அடுக்கினார்.

பிராங்க்ளின் 13-வதாகப் பணிவைச் சேர்த்தார். ‘நிச்சயமாக’, ‘சந்தேகமே இல்லாமல்’ போன்ற சொற்களுக்குத் தனக்குத்தானே தடை போட்டார். எனக்கு இப்போதைக்கு இப்படித் தோன்றுகிறது என்று பேசப் பழகினார். ஒருவர் தப்பாகப் பேசினால், சில சூழ்நிலையில் அது சரியாக இருக்கலாம், ஆனால் இங்கே கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறதே என்று ஆரம்பிப்பார்.

பணிவு உண்மையிலேயே மனசுக்குள் வந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. வெளித்தோற்றம் நன்றாக வந்தது என்று சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். சரளமாகப் பேச வராது, சொல் தேடித் தடுமாறுவார். ஆனாலும் சபைகளில் அவர் பேச்சு எடுபட்டதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று நம்பினார்.

வீட்டில் மட்டும் தோல்வி

மகன் வில்லியம் நியூஜெர்சியில் பிரிட்டிஷ் அரசரின் ஆளுநர். அமெரிக்க விடுதலைப் போரில் அரசர் பக்கமே நின்று, 1776-ல் கைதானார். போர் முடிந்து 1784-ல் சமாதானம் தேடி அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இருவரும் சந்தித்தும் மனக்கசப்பு தீரவில்லை. உயிலிலும் மகனுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஊரையே அனுசரித்தவருக்கு, சொந்த மகனிடம் இறங்கிவர முடியவில்லை.

கடைசி பெரிய மீட்டிங்

1787-ல் அமெரிக்க அரசமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் பிரதிநிதிகள் கூடினார்கள். 81 வயது பிராங்க்ளின்தான் மூத்தவர். நிர்வாகத் தலைவருக்குச் சம்பளம் வேண்டாம் என்ற அவருடைய யோசனை அங்கே எடுபடவில்லை. அதற்காக அவர் வெளிநடப்பு செய்யவில்லை. செப்டம்பர் 17, கடைசி நாள். அவர் எழுதிவந்த உரையை ஜேம்ஸ் வில்சன் வாசித்தார். இதில் சில பகுதிகள் எனக்கு இப்போது உடன்பாடில்லை. ஆனால் என் கருத்தே தப்பாக இருக்கலாம், வயதாக ஆக என் தீர்ப்பின் மீது எனக்கே சந்தேகம் வருகிறது, எல்லோரும் கையெழுத்திடுவோம் என்பதே சாரம். மூன்று பேர் மறுத்தாலும் 39 பேர் கையெழுத்திட்டார்கள்.

கருத்தை மாற்றிக்கொள்வது அவருக்கு வெறும் பேச்சாக இருக்கவில்லை. ஒருகாலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர், 1790 பிப்ரவரியில் அடிமைமுறைக்கு எதிரான மனுவில் கையெழுத்திட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அதே ஆண்டு ஏப்ரல் 17-ல் காலமானார்.

நாளைக்கு உங்க மீட்டிங்கில் என்ன செய்யலாம்? ‘நீங்க சொல்றது தப்பு’ என்று தொடங்கும் முன் ஒரு நொடி நிறுத்தி, அவர் சொல்வது எந்தச் சூழ்நிலையில் சரியாக இருக்கும் என்று முதலில் சொல்லிப் பாருங்கள். மனசு முழுசாகப் பணியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பிராங்க்ளினும் காத்திருக்கவில்லை. அதே வாக்கியத்தை வீட்டிலும் முயன்று பாருங்கள். அவர் தவறவிட்டது அங்கேதான்.