சேஷய்ய சாஸ்திரியார் காட்டிய வழி

நியாய பரிபாலனத்திற்குப் பொருள் போதவில்லை என்போருக்கு, 1828-ல் தஞ்சை ஜில்லா அமராவதியில் பிறந்த சர் அ. சேஷய்ய சாஸ்திரியாரை நினைவூட்ட விரும்புகிறோம். திருவாங்கூர்த் திவானாயிருந்த அவர், 1878-ல் கடன் சுமந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் நிர்வாகத்தை ஏற்றார். அங்கே அமானி முறைப்படி விளைச்சலைச் சர்க்காரும் குடியானவரும் பங்கிட்டுக்கொண்டனர். சிப்பந்திகள் வந்து அளக்குமுன் தன் வயற்கதிரில் கைவைத்த குடியானவன் திருடனானான். சாஸ்திரியார் அமானியை ஒழித்துப் பணத்தீர்வை விதித்தார். அந்தக் களவுக்கே இடமில்லாது போயிற்று. 1894-ல் பதவி நீங்கிய அவர் 1903-ல் காலமானார்.

இன்று இந்திய நீதிமன்றங்களில் 5 கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கியுள்ளன. பலவற்றில் அரசாங்கமே கட்சிக்காரர். நீதிபதிகளை அதிகப்படுத்துவது அவசியமே. வியாஜ்யத்தை விளைவிக்கும் விதிகளைத் திருத்துவதும் அத்தனை அவசியம். அதைச் செய்யப் பொக்கிஷம் நிறையும்வரை காத்திருக்க வேண்டாமென்பதற்குப் புதுக்கோட்டையே சாட்சி.