ஹவாய் தந்த தாய்

மார்மன் சமயத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் மகன் ஜோசப் எஃப். ஸ்மித். 1838-இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1844-இல் அவருடைய தந்தையையும் சித்தப்பாவையும் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு ஐந்து வயது. 13 வயதில் தாயையும் இழந்தார்.

பள்ளியில் தங்கையை அடிக்க முனைந்த ஆசிரியரைத் தாக்கியதால் அவரது படிப்பு நின்றது. கோபக்காரச் சிறுவனான அவரைத் திருச்சபை 1854-இல் சமயப் பணிக்காக ஹவாய்க்கு அனுப்பியது. வயது 15தான்.

கடும் காய்ச்சலில் விழுந்தவரை ஹவாய்ப் பெண் ஒருவர் சொந்த மகனைப் போலப் பராமரித்தார். ஸ்மித் உடல் தேறினார். ஹவாய் மொழியைக் கற்று, அம்மக்களின் குடிசைகளில் தங்கி, சேப்பங்கிழங்குக் கூழை உண்டு, அவர்களுடைய மொழியிலேயே போதித்தார். போதிக்கப் போனவருக்கு அங்கே ஒரு குடும்பமே கிடைத்தது. 1857-இல் அவர் தாயகம் திரும்பினார்.

1901-இல் திருச்சபையின் தலைவரானார். பின்னர் ஹொனலூலு துறைமுகத்தில் வந்திறங்கியபோது, பார்வையிழந்த மூதாட்டி ஒருவர் வாழைப்பழங்களுடன் அவரைத் தேடி வந்தார். அன்று காப்பாற்றிய அதே தாய். வரவேற்க வந்த கூட்டத்தை விட்டு ஓடிச் சென்று அவரைக் கட்டியணைத்துக் கண்கலங்கினார் ஸ்மித்.

1915-இல் ஹவாயின் லாயியே ஊரில் ஆலயத்துக்கான நிலத்தை அர்ப்பணித்தார். 1918-இல் மறைந்தார், மறு ஆண்டு அந்த ஆலயம் திறப்பு விழா கண்டது.