லாரியை டிராக் பண்ற அலைக்கு ஒரு தாத்தா இருக்கார்

அரியலூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்தின லாரிகள் வரிசையா போய்ட்டே இருக்கும். பெரம்பலூர் வந்தா திருச்சி–சென்னை ஹைவே. வண்டி எங்க நிக்குதுன்னு ஓனர் ஆபீஸ்ல இருந்தே மொபைல்ல பார்த்துடறார். வண்டிக்குள்ள இருக்கிற சின்னப் பெட்டி, செயற்கைக்கோள் சிக்னலை வச்சு இடத்தைக் கணக்குப் போட்டு, சிம் கார்டு வழியா டவருக்கு அனுப்புது. சென்னைக்குள்ள உயரமான கட்டடங்கள் அந்த சிக்னலை மறைக்கும். அப்போ சுத்தி இருக்கிற டவர்களோட சிக்னலை வச்சே வண்டி இருக்கிற இடத்தைத் தோராயமா சொல்லலாம்.

கண்ணுக்குத் தெரியாத இந்த அலையை நம்ம நாட்டுலயே உருவாக்கிக் காட்டினவர் ஜகதீச சந்திர போஸ்.

1858 நவம்பர் 30ல வங்காளத்தில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. இங்கிலீஷ் ஸ்கூல்ல சேர்க்க வசதி இருந்தும், பையன் முதல்ல தாய்மொழியைப் படிக்கட்டும்னு வங்காளப் பள்ளியில் சேர்த்தார். மீனவர் வீட்டுப் பையன்களோட ஒரே வகுப்பு. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சுட்டு இந்தப் பத்திரிகைக்குத் தமிழ்ல எழுதுற எனக்கு, அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

கேம்பிரிட்ஜ் முடிச்சு 1885ல கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தியர்ங்கிறதால வெள்ளைக்காரப் பேராசிரியரை விட சம்பளம் குறைவு. போஸ் சண்டை போடலை. மூணு வருஷம் சம்பளமே வாங்காம பாடம் எடுத்தார்! கடைசியில் நிர்வாகமே இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் மொத்தமா கொடுத்தது.

சரியான லேப் கிடையாது. உள்ளூர் தகரவேலைக்காரரை வச்சுக் கருவிகளைச் செஞ்சுக்கிட்டார். 1895ல கல்கத்தா டவுன் ஹாலில், சுவர்களைத் தாண்டி சுமார் 75 அடி தூரத்துக்கு அலையை அனுப்பி, ஒரு மணியை அடிக்க வச்சு, வெடிமருந்தையும் பத்த வச்சுக் காட்டினார். அவர் உருவாக்கின அலைகளோட நீளம் சில மில்லிமீட்டர்தான், 60 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போனார். இன்னைக்கு 5ஜில மில்லிமீட்டர் அலைன்னு படிக்கிறோமே, அதே குடும்பம்.

மார்க்கோனி இவர்கிட்ட திருடிட்டார்னு வாட்ஸ்அப்ல ஒரு கதை சுத்தும். அவ்வளவு எளிமையா முடிச்சுடாதீங்க. 1901ல அட்லாண்டிக் தாண்டி வந்த சிக்னலைப் பிடிக்க மார்க்கோனி பயன்படுத்தினது பாதரச கோஹிரர். அந்த வகைக் கருவியைப் பத்தி போஸ் 1899லயே ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்துட்டார், ஆனா அதுக்குக் காப்புரிமை எடுக்கலை. அறிவை விக்கக் கூடாதுங்கிறது அவர் கொள்கை. நண்பர்கள் வற்புறுத்தினதால வேறொரு கண்டுபிடிப்புக்கு மட்டும் 1904ல அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். மார்க்கோனிக்குச் செய்தி அனுப்பணும், போஸுக்கு அலையைப் புரிஞ்சுக்கணும். நோக்கம் வேற, பாதையும் வேற. 1909ல நோபல் மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போச்சு. அதுக்கு முன்னாடியே போஸ் செடிகளோட உணர்ச்சியை அளக்கப் போயிட்டார்.

1917ல தன் பேர்ல ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 1937ல இறந்தார். அவரோட அலை ஆராய்ச்சியை ஐ.இ.இ.இ. 2012ல ஒரு மைல்கல்லா அறிவிச்சது.

அவர் காப்புரிமை எடுத்திருக்கணுமா? நான் எடுத்திருப்பேன். ஆனா டிராக்கர் ப்ராஜெக்டுக்கு இலவச லைப்ரரியை டவுன்லோட் பண்றப்போ, இப்படி விலை வைக்காம கொடுத்தவங்க உழைப்புலதான் நாம எல்லாருமே ஓட்டிட்டு இருக்கோம்னு தோணும். நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?